பாலிசியின் பதினான்காம் பக்கம்

வெளிநாட்டு சைட்டுகளுக்கு ஆள் அனுப்பும் கம்பெனிகளின் கோப்புகளைச் சரிபார்ப்பது என் வேலை. சில வருடங்களுக்கு முன், ஈராக்குக்குக் கிளம்ப இருந்த ஒரு கமிஷனிங் இன்ஜினியரின் (புது ஆலையை முதன்முதலில் ஓட்டிக் காட்டுபவர்) கோப்பைப் புரட்டிக்கொண்டிருந்தேன். விசா, மெடிக்கல், டிக்கெட், இன்சூரன்ஸ் என்று வரிசையாக இருந்தன. “எல்லாம் பக்கா சார்” என்றார் எச்.ஆர். தம்பி. பாலிசியின் பதினான்காம் பக்கத்தில், ‘விலக்குகள்’ என்ற தலைப்பின் கீழ், பொடி எழுத்தில் இருந்தது: போர், உள்நாட்டுக் கலகம், பயங்கரவாதச் செயல். எதற்குப் பயந்து பாலிசி எடுத்தார்களோ அதற்கு மட்டும் அது செல்லாது! தம்பியின் முகம் தொங்கிப்போனது. பாவம், பாலிசி எடுத்தது டிராவல் ஏஜென்ட். டிக்கெட்டோடு சேர்த்து எடுத்துவிட்டார்.

அரசின் குடியேற்ற அனுமதி தேவைப்படும் இ.சி.ஆர். பாஸ்போர்ட்டில் குறிப்பிட்ட சில நாடுகளுக்கு வேலைக்குப் போகிறவர்கள், பிரவாசி பாரதிய பீமா யோஜனா என்ற மத்திய அரசின் இன்சூரன்ஸ் திட்டத்தில் சேர்ந்தாக வேண்டும். விபத்தில் இறந்தால் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரும். டிப்ளமோ, டிகிரி முடித்த இன்ஜினியருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. கம்பெனி எடுத்துத் தருவதுதான் அவருக்குப் பாலிசி.

“எவனோ குண்டு வைத்தால் நாங்கள் எப்படிப் பொறுப்பாவோம்?” என்று முதலாளிகள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். அதற்கு நான் சொல்வது நார்வே தலைநகர் ஆஸ்லோவில் நடந்த ஒரு வழக்கு. 2012 ஜூன் 29 அன்று, கென்யாவின் தாதாப் அகதி முகாமில் நார்வே அகதிகள் கவுன்சிலின் வாகனங்களை ஆயுதக் கும்பல் மறித்தது. டிரைவர் ஒருவர் இறந்தார். நான்கு ஊழியர்களைக் கடத்திக்கொண்டு போனார்கள். நான்காம் நாள் சோமாலியாவுக்குள் மீட்கப்பட்ட அவர்களில், காலில் குண்டு பாய்ந்த கனடாக்காரர் ஒருவர் தன் முதலாளி மீதே வழக்குப் போட்டார்.

கடத்தியவர்கள் யார் என்பது கோர்ட்டில் பேச்சே இல்லை. இந்த ஆபத்து முன்பே தெரியுமா, தெரிந்தும் என்ன செய்தீர்கள் என்பதுதான் கேள்வி. எட்டு மாதம் முன்புதான் அதே தாதாபிலிருந்து இரண்டு ஸ்பானிய தொண்டுப் பணியாளர்களைக் கடத்தியிருந்தார்கள். அப்படியிருந்தும் அன்றைய பயணத்துக்கு ஆயுதக் காவல் இல்லை. இது கடும் அலட்சியம் என்று 2015 நவம்பரில் தீர்ப்பானது. நஷ்டஈடு சுமார் 44 லட்சம் குரோனர் (நார்வே நாணயம்). அதுவும் லாபத்துக்காக நடக்கும் கம்பெனி இல்லை, உதவி செய்யப் போன அமைப்பு.

“அங்கே ராணுவம் இருக்கிறது” என்று சொல்பவர்களுக்கு அல்ஜீரியாவின் இன் அமெனாஸ் எரிவாயு ஆலையைச் சொல்வேன். 2013 ஜனவரியில் பயங்கரவாதிகள் தாக்கியதில் சுமார் 40 பேர் அங்கே இறந்தார்கள். ஐந்து ஊழியர்களை இழந்த நார்வே எண்ணெய் கம்பெனி ஸ்டாட்ஆயில், பின்னர் தானே வெளியிட்ட விசாரணை அறிக்கையில், அல்ஜீரிய ராணுவத்தின் காவலை அளவுக்கு மீறி நம்பியிருந்ததை ஒப்புக்கொண்டது.

சரி, நம் இன்ஜினியர் கதைக்கு வருவோம். அவரைக் கூப்பிட்டு, “சைட்டுக்குப் போகும் வழியில் நிலைமை சரியில்லை என்று தெரிந்தால் வண்டியைத் திருப்பச் சொல்ல உங்களுக்கு அதிகாரம் இருக்கிறதா?” என்று கேட்டேன். “கிளையன்ட்டிடம் கேட்க வேண்டும் சார்” என்றார். “ராத்திரி இரண்டு மணிக்கு யாரைக் கூப்பிடுவீர்கள்?” லெட்டர்ஹெட்டைக் காட்டினார். அதில் இருந்தது ரிசப்ஷன் எண். காலை ஒன்பதரைக்கு மேல்தான் ஆள் வரும்.

பயணத்தை மூன்று வாரம் தள்ளி வைத்தார்கள். எம்.டி.க்கு என்மேல் கோபம்தான். பயங்கரவாத ஆபத்தையும் சேர்த்துப் புதுப் பாலிசி எடுத்தார்கள், பிரீமியம் எகிறியது. நிலைமை சரியில்லை என்றால் யாரையும் கேட்காமல் திரும்பலாம், சம்பளம் பிடிக்க மாட்டோம் என்று கையெழுத்துப் போட்ட கடிதம் ஒன்றும் அவர் பைக்குள் போனது. இருபத்து நான்கு மணி நேரமும் எடுக்க, மூன்று பேர் முறைவைத்துப் பார்க்கும் ஒரு போன் எண்ணும் கொடுத்தார்கள்.

அவர் ஈராக்கின் பாஸ்ராவில் இறங்கிய வாரம், ஞாயிறு நள்ளிரவு தாண்டி அந்த எண்ணுக்கு நானே அடித்துப் பார்த்தேன். மூன்றாவது ரிங்கில் எடுத்தது அந்த எச்.ஆர். தம்பி. தூக்கக் கலக்கத்தில் முதலில் கேட்டது, “சார், அவர் நல்லா இருக்காரா?”