குழந்தையைக் காரணம் காட்டி வேலையை விட்டு அனுப்பலாமா? ஐ.எல்.ஓ. விதிகள் சொல்வது

நல்ல சம்பளத்தில் வேலை கிடைப்பது குதிரைக்கொம்பாக இருக்கும்போது, குழந்தை வளர்ப்பவர்கள் இருக்கிற வேலையைப் பல்லைக் கடித்துக்கொண்டு காப்பாற்றப் பார்க்கிறார்கள். அல்லது பள்ளி நேரத்துக்கு ஒத்துவருகிறதே என்று, குறைந்த சம்பளப் பகுதிநேர வேலைக்குச் சரி என்கிறார்கள். இரண்டுக்குமே சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் (ஐ.எல்.ஓ.) உடன்படிக்கைகளில் விதி இருக்கிறது.

முதலாவது, 1981-இல் வந்த 156-ஆம் உடன்படிக்கை. 1965-இல் வந்த பரிந்துரை குடும்பப் பொறுப்புள்ள பெண்களைப் பற்றி மட்டும் பேசியது. இது அப்பாக்களையும் சேர்த்துக்கொள்கிறது. வயதான பெற்றோரைப் பார்த்துக்கொள்பவர்களுக்கும் பொருந்தும். குடும்பப் பொறுப்பு என்பது, அதுவே தனியாக, வேலைநீக்கத்துக்குச் செல்லுபடியாகும் காரணம் ஆகாது என்கிறது 8-ஆம் பிரிவு. 'அதுவே தனியாக' என்பதைக் கவனியுங்கள். ஆட்குறைப்பு போன்ற வேறு காரணங்களை இந்தப் பிரிவு தடுப்பதில்லை. வேலைநீக்கக் கடிதத்தில் யாரும் 'குழந்தை' என்று எழுதப்போவதும் இல்லை; அதனால் விடுப்பு கேட்டது, பதில் வந்தது எல்லாம் எழுத்தில் இருப்பது நல்லது. குழந்தைக்கு உடம்பு சரியில்லாதபோது விடுப்பு தரச் சொல்வது கூடவே வந்த 165-ஆம் பரிந்துரை. ஆனால் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தாது.

இரண்டாவது, 1994-இன் 175-ஆம் உடன்படிக்கை, பகுதிநேர வேலை பற்றியது. இதன் சாரம் எளிது: பகுதிநேரம் என்பதற்காக மணிக்கணக்கில் சம்பளம் குறையக் கூடாது. முழுநேர ஊழியர் எட்டு மணி நேரம் செய்யும் அதே வேலையை நீங்கள் நான்கு மணி நேரம் செய்தால், அடிப்படைச் சம்பளத்தில் பாதி வர வேண்டும். மூன்றில் ஒரு பங்கு அல்ல. 'உங்கள் வேலையை இங்கே முழுநேரமாகச் செய்பவரே இல்லையே' என்று தட்டிக்கழிக்கவும் முடியாது. அதே இடத்தில் ஆள் இல்லாவிட்டால் அதே நிறுவனத்தில், அங்கும் இல்லாவிட்டால் அதே தொழில்துறையில் ஒப்பிடச் சொல்கிறது. மகப்பேறு பாதுகாப்பு, ஊதியத்துடன் ஆண்டு விடுப்பு, நோய் விடுப்பு ஆகியவையும் முழுநேர ஊழியருக்கு நிகராக இருக்க வேண்டும்.

ஓட்டையும் உண்டு. வேலை நேரமோ வருமானமோ ஒரு வரம்புக்குக் கீழே இருப்பவர்களைச் சில பலன்களிலிருந்து அரசு விலக்கிவைக்கலாம். மகப்பேறு பாதுகாப்புக்கு, அரசின் சமூகப் பாதுகாப்புத் திட்டம் வழியாக வரும் பலன்கள் நீங்கலாக, அப்படி வரம்பு வைக்க முடியாது; ஆனால் ஆண்டு விடுப்பு, நோய் விடுப்புக்கு வைக்கலாம். எனவே வாரத்துக்குச் சில மணி நேர வேலையை ஒப்புக்கொள்ளும் முன், உங்கள் நாட்டுச் சட்டத்தில் அந்த வரம்பு எவ்வளவு என்று பாருங்கள்.

இது விண்ணப்பம் போட்டு வாங்கும் உதவித்தொகை இல்லை. உங்கள் நாடு ஏற்றிருந்தால் அதற்கேற்பச் சட்டமோ நடைமுறையோ அமைக்க வேண்டிய பொறுப்பு அரசுக்கு வரும். எந்த நாடு எதை ஏற்றது என்பதை ஐ.எல்.ஓ.வின் நார்ம்லெக்ஸ் இணையதளத்தில் 156, 175 என்ற எண்களைக் கொண்டு தேடலாம். ஏற்ற அரசு நடைமுறைப்படுத்தவில்லை என்றால் ஐ.எல்.ஓ.வுக்கு முறையிட வழி உண்டு. தனி ஆளாக அனுப்ப முடியாது, தொழிற்சங்கம் வழியாகத்தான் போக வேண்டும்.