விஷுவல் நாவல் – காட்சிப் புதினம்: சொல் விளக்கம்

ஒரு பின்னணிப் படம், அதன் முன் நிற்கும் பாத்திரங்களின் உருவங்கள், இசை, ஒவ்வொரு சொடுக்குக்கும் ஒரு வரியாக நகரும் எழுத்து ஆகிய நான்கும் சேர்ந்த கணினி விளையாட்டு வகையே விஷுவல் நாவல். பெரும்பாலும் இடையிடையே கதை நின்று, அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று இரண்டு மூன்று தெரிவுகளை நம் முன் வைக்கும். நாம் தெரிந்தெடுப்பதைப் பொறுத்துக் கதை வேறு தடத்தில் போகலாம், வேறு முடிவையும் அடையலாம். ஒருவர் இருவராகச் சேர்ந்து குறைந்த செலவில் உருவாக்கும், வயது வந்தோருக்கான விளையாட்டுகளில் மிகப் பல இந்த வகையைச் சேர்ந்தவை. அவற்றைப் பற்றித் தமிழில் மதிப்புரை எழுத வருபவர் முதலில் எதிர்கொள்வதும் இந்தச் சொல்லைத்தான். இதன் பொருளைத் தெளிவாகப் பிடித்துக்கொள்ளாவிட்டால் மதிப்பீடும் தடம் மாறிவிடுகிறது என்பதால், சொல்லின் வரலாற்றைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டியிருக்கிறது.

பெயர் ஆங்கிலம், ஆனால் அது பிறந்தது ஜப்பானில். 1992ஆம் ஆண்டு சுன்சாஃப்ட் என்னும் நிறுவனம் சூப்பர் ஃபாமிகாம் என்ற வீட்டு விளையாட்டுக் கருவிக்காக ‘ஓதோகிரிசோ’ என்ற திகில் கதையை வெளியிட்டது. திரை முழுவதும் எழுத்து பரவி நிற்க, பின்னால் ஒலியும் மங்கிய படமும் அச்சத்தை ஊட்டும்படி அமைந்த அந்த ஆக்கத்துக்குச் ‘சவுண்ட் நாவல்’, அதாவது ஒலிப் புதினம், என்று பெயரிட்டு, அப்பெயரைத் தன் வணிகக்குறியாகவும் அந்நிறுவனம் ஆக்கிக்கொண்டது. அதே வடிவத்தில் கணினிக்காக எழுத விரும்பிய லீஃப் என்னும் சிறிய நிறுவனம் 1996இல் ‘ஷிசுகு’ என்ற கதையை வெளியிட்டபோது, அந்த வரிசைக்கு விஷுவல் நாவல் என்று பெயர் வைத்தது. பித்தும் அச்சமும் கலந்த அந்த மர்மக் கதை வயது வந்தோருக்கென்றே விற்கப்பட்ட விளையாட்டு. அதே ஆண்டில் அவ்வரிசையின் இரண்டாம் ஆக்கமான ‘கிசுஅடோ’வும் வந்தது. ஆகவே, வயது வந்தோருக்கான சிறு முதலீட்டு விளையாட்டுகள் இந்தச் சொல்லைப் பிறரிடமிருந்து இரவல் வாங்கிக்கொண்டவை அல்ல. சொல்லே அங்கிருந்துதான் கிளம்பியது. இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ‘அந்த மாதிரி விளையாட்டில் எழுத்தை யார் பார்க்கிறார்கள்’ என்று கேட்பவர்கள், அந்த விளையாட்டுகளே தமக்குப் புதினம் என்று பெயரிட்டுக்கொண்டதை மறந்துவிடுகிறார்கள்.

ஜப்பானியரிடம் புதினத்துக்கு ‘ஷோசெட்சு’ என்ற சொந்தச் சொல் உண்டு. ‘சிறு பேச்சு’ என்பது அதன் நேர்ப்பொருள். அதை விடுத்து நாவல் என்ற ஆங்கிலச் சொல்லை அவர்கள் எடுத்துக்கொண்டதால், பெயருக்கு ஒரு புதுமைத் தோற்றம் கிடைத்தது. அங்கே இச்சொல்லின் பொருள் குறுகலானது. திரை முழுவதையும் எழுத்து நிறைக்கும் ஆக்கங்களே அப்பெயருக்கு உரியவை. திரையின் அடிப்பகுதியில் ஒரு பெட்டிக்குள் உரையாடல் ஓடும் ஆக்கங்களைச் சாகச விளையாட்டு என்ற பழைய பெயரின் கீழேயே வைத்தார்கள். கடல் கடந்து ஆங்கிலம் பேசும் வாசகர்களிடம் போனபோது இந்த வேறுபாடு மறைந்து, எழுத்தை முதன்மையாகக் கொண்ட இரு வகைகளுக்கும் விஷுவல் நாவல் பொதுப்பெயர் ஆகிவிட்டது. தமிழில் நாம் கேட்டுப் பழகியிருப்பது இந்த விரிந்த பொருளையே.

விரிவுக்கு இன்னொரு காரணம் ரென்பை. டாம் ராதமெல் 2004இல் வெளியிட்ட இந்த இலவச மென்பொருளின் பெயரில், காதலைக் குறிக்கும் ‘ரென்ஐ’ என்ற ஜப்பானியச் சொல்லும் பைத்தான் என்ற நிரல்மொழியும் கலந்திருக்கின்றன. நாடகப் பிரதி எழுதுவதைப் போலப் பாத்திரத்தின் பெயரையும் அவர் பேசும் வரியையும் எழுதிக்கொண்டே போனால் ஒரு விளையாட்டு உருவாகிவிடும் என்ற எளிமை, நிரல் எழுதத் தெரியாத எழுத்தாளர்களையும் இத்துறைக்குள் கொண்டுவந்தது. எழுதத் தெரியாத பலரையும் கொண்டுவந்தது என்பதும் உண்மையே.

இனித் தமிழ்ச் சொல்லுக்கு வருவோம். நாவல் என்பதன் வேர், ‘புதியது’ என்னும் பொருள்கொண்ட இலத்தீன் சொல். புதுக்கதை, புதுச்செய்தி என்ற பொருள்களோடு இத்தாலிய மொழியின் ‘நொவெல்லா’ வழியாக அது ஆங்கிலத்துக்கு வந்தது. தமிழில் புதினம் என்ற சொல்லும் அதே வழியில்தான் நடந்திருக்கிறது. இலங்கைத் தமிழில் இன்றும் புதினம் என்றால் செய்தி, வியப்பான நிகழ்ச்சி. ‘என்ன புதினம்?’ என்று கேட்டால் ‘என்ன சேதி?’ என்று பொருள். செய்தித்தாளைப் புதினப் பத்திரிகை என்று சொல்லும் வழக்கும் அங்கே உண்டு. புதுமையிலிருந்து செய்திக்கும், செய்தியிலிருந்து கதைக்கும் இரண்டு மொழிகளும் தனித்தனியே சென்றிருப்பதால், நாவலுக்குப் புதினத்தைவிடப் பொருந்தும் சொல் கிடையாது என்பது என் கருத்து. விஷுவல் என்பது பார்த்தலைக் குறிக்கும் இலத்தீன் வினையிலிருந்து வந்தது. ‘காண்’ என்ற வினையிலிருந்து வந்த ‘காட்சி’ அதற்கு நேராக நிற்கிறது. காட்சி என்ற சொல் நம் அகப்பொருள் மரபில் தலைவன் தலைவியை முதன்முதலில் காணும் துறைக்கும் பெயர். திருக்கோவையாரின் முதற்பாட்டு அந்தத் துறையில் அமைந்ததே. காதல் கதைகளே மிகுந்திருக்கும் ஒரு விளையாட்டு வகைக்கு அந்தச் சொல்லே வாய்த்தது தற்செயல்தான் என்றாலும், எனக்கு அது மிகவும் பிடித்திருக்கிறது.

ஆகவே காட்சிப் புதினம். வேறு சில மாற்றுகளையும் எண்ணிப் பார்க்கலாம், ஆனால் அவை நிற்கவில்லை. படக்கதை, சித்திரக்கதை இரண்டும் காமிக்ஸுக்கு என்றே நிலைத்துவிட்டன. கதை கிளை பிரிவதைக் கருதிக் கிளைக்கதை என்று சொல்லலாமா என்றால், காப்பியத்துக்குள் வரும் துணைக்கதையை அச்சொல் ஏற்கெனவே குறிக்கிறது. காட்சிப் புதினம் என்ற தொடரில் தெரிவு பற்றிய குறிப்பே இல்லையே என்று ஒரு குறை சொல்லக்கூடும். மூலச்சொல்லிலும் அது கிடையாது, இல்லாததும் சரியே. 2002இல் வெளிவரத் தொடங்கிய ‘ஹிகுராஷி’ வரிசையில் வாசகருக்குத் தெரிவு எதுவுமே தரப்படவில்லை. கதை ஒரே நேர்கோட்டில் செல்கிறது, இருந்தும் அதை இந்த வகையின் முதன்மையான ஆக்கங்களில் ஒன்றாகவே எல்லோரும் கொள்கிறார்கள்.

இங்கேதான் மதிப்பீட்டின் சிக்கல் தொடங்குகிறது. ‘எழுத்து பரவாயில்லை, ஆனால் கேம்ப்ளே ஒன்றும் இல்லை’ என்ற ஒற்றை வரியோடு முடிந்துவிடும் மதிப்புரைகள் ஏராளம். கேம்ப்ளே என்பதற்கு ஆட்டம் என்ற சொல்லே போதும். கிரிக்கெட்டில் ‘இன்று அவருடைய ஆட்டம் நன்றாக இருந்தது’ என்று சொல்லும்போது விதிகளையும், கருவிகளையும், அவற்றைக் கையாண்ட திறனையும் சேர்த்தே சொல்கிறோம். காட்சிப் புதினத்தில் ஆட்டம் என்பது தெரிவு. சுடுவதும் தாண்டுவதும் இல்லையென்பதற்காக ஆட்டமே இல்லை என்று சொல்வது பொருந்தாது. கேட்க வேண்டிய கேள்வி, அந்தத் தெரிவு என்ன வேலை செய்கிறது என்பதுதான்.

இரண்டு தெரிவுகள் வீதம் பத்து இடங்களில் கதை உண்மையாகவே பிரிந்துகொண்டே போனால் கடைசியில் 1,024 தடங்கள் ஆகிவிடும். அத்தனையையும் எழுதவும் வரையவும் எந்தச் சிறு குழுவாலும் இயலாது. எனவே பிரிந்த கிளைகள் சில வரிகளுக்குப் பின் மீண்டும் ஒன்றாகச் சேர்ந்துவிடும். தேர்ந்தெடுத்ததன் அடையாளமாக ஒரு மாறியில், அதாவது நிரல் ஓர் எண்ணைக் குறித்துவைக்கும் இடத்தில், +1 மட்டும் பதிவாகும். எடுத்துக்காட்டாக, ‘உண்மையைச் சொல்’, ‘பேச்சை மாற்று’ என்று இரண்டு தெரிவுகள் வருகின்றன என்று வைத்துக்கொள்வோம். முதலாவதைத் தேர்ந்தால் அவள் ‘நன்றி’ என்கிறாள். இரண்டாவதைத் தேர்ந்தால் ‘சரி, விடு’ என்கிறாள். அடுத்த வரியிலிருந்து இரண்டும் ஒரே காட்சி. இதைக் குற்றமாகச் சொல்ல மாட்டேன். பதினைந்து காட்சிகள் கழித்து அவள் அந்த மழுப்பலை நினைவுபடுத்திப் பேசினால், ஒரே ஒரு வரியின் செலவில் அந்தத் தெரிவுக்கு உயிர் வந்துவிடுகிறது. நினைவுபடுத்தவே இல்லையென்றால் அது தெரிவு அல்ல, அலங்காரம். ரென்பையில் சுட்டியின் உருளையைப் பின்னோக்கி உருட்டினாலே எடுத்த முடிவைத் திரும்பப் பெற்றுவிடலாம் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். விளைவு உடனே தெரிந்தால் வாசகர் உருட்டி மாற்றிவிடுவார். விளைவு தாமதித்து வரும்போது மட்டுமே அவர் தன் முடிவோடு வாழ வேண்டியிருக்கிறது. ஆட்டத்தையும் எழுத்தையும் தனித்தனியாக மதிப்பெண் போட்டுப் பிரிக்க முடியாத இடம் இது.

கனடாவைச் சேர்ந்த கிறிஸ்டின் லவ் எழுதி 2016இல் வெளியான ‘லேடிகில்லர் இன் எ பைண்ட்’ இதற்கு நல்ல சான்று. வயது வந்தோருக்கான அந்தக் காட்சிப் புதினத்தில், ஒரு கப்பல் பயணத்தின்போது நாயகி தன் இரட்டைச் சகோதரனாக வேடமிட்டு நடமாட வேண்டியிருக்கிறது. பிறர் பேசிக்கொண்டிருக்கும்போதே நாயகி சொல்லக்கூடிய பதில்கள் திரையில் தோன்றுகின்றன, பேச்சு நகர்ந்ததும் மறைந்துவிடுகின்றன. இடைமறித்துப் பேசலாம், காத்திருக்கலாம், வாயே திறக்காமலும் இருந்துவிடலாம். சகோதரனின் குணத்துக்குப் பொருந்தாமல் பேசினால் பிறரின் ஐயம் வளரும். பேசுவதா வேண்டாமா என்ற தயக்கம் கதைக்குள் நாயகிக்கு இருப்பதைப் போலவே திரைக்கு முன் இருப்பவருக்கும் வந்துவிடுகிறது. 2017இல், சுயாதீன விளையாட்டுகளுக்கான விழாவான இண்டிபெண்டன்ட் கேம்ஸ் ஃபெஸ்டிவலில் கதையாக்கத்துக்கான விருது இந்த ஆக்கத்துக்கே கிடைத்தது. வயது வந்தோருக்கான சிறு முதலீட்டு விளையாட்டு என்பதற்காக நடுவர்கள் அளவுகோலைத் தளர்த்தவும் இல்லை, அதை ஒதுக்கிவைக்கவும் இல்லை.

இதற்கு மறுகோடியில் நிற்பவை, தெரிவுக்கு மாற்றாகச் சொடுக்கை வைக்கும் விளையாட்டுகள். நாளைக் காலை, நண்பகல், மாலை என்று பிரித்து, ஒரு வரைபடத்தில் ஓர் இடத்தைச் சொடுக்கினால் ஓர் உறவுப்புள்ளி கூடும்; இருபது புள்ளிகள் சேர்ந்தால் அடுத்த காட்சி திறக்கும். அதே கடைக்கு அதே வேளையில் நாள்தோறும் போய் அதே இரண்டு வரிகளைக் கேட்டுவருவதுதான் அங்கே ஆட்டம். கேம்ப்ளே இருக்கிறது என்று இவற்றைப் பாராட்டுபவர்களை என்னால் ஏற்க முடியவில்லை. வாசகரின் எந்த எண்ணமும் தேவைப்படாத அந்தச் சொடுக்குகள், எழுதப்படாத பக்கங்களை மறைக்கும் திரைதான்.

எழுத்தை மதிப்பிடும்போது பணம் வரும் வழியையும் கருத வேண்டும். 2013இல் தொடங்கிய பேட்ரியான் போன்ற தளங்களில் மாதந்தோறும் ஆதரவாளர்கள் தரும் தொகையைக் கொண்டு வளரும் விளையாட்டுகள் 0.1, 0.2 என்று பதிப்பு எண்களோடு துண்டு துண்டாக வெளிவருகின்றன. கதை முடிந்தால் வருவாயும் நின்றுவிடும் என்ற நிலையில், புதுப் பாத்திரங்களைச் சேர்த்து முடிவைத் தள்ளிப்போடும் ஆசை எழுதுபவருக்கு வருவது இயல்பே. ஆறாம் பதிப்பில் அறிமுகமாகும் ஒருவரால் முதல் பதிப்பின் மையச் சிக்கல் ஓர் அடியாவது நகர்ந்ததா என்று பார்த்தால், கதை வளர்கிறதா வெறுமனே நீள்கிறதா என்பது தெரிந்துவிடும். 2018 ஜூனில், கணினி விளையாட்டுகளை இணையத்தில் விற்கும் ஸ்டீம் கடை, சட்டத்துக்குப் புறம்பானவற்றையும் வெறும் வம்புக்காகச் செய்யப்பட்டவற்றையும் தவிர மற்றவற்றை அனுமதிப்பதாக அறிவித்த பின், இத்தகைய ஆக்கங்கள் பெருமளவில் கடைக்கு வந்தன. மதிப்புரையின் தேவை கூடியிருப்பது அதனால்தான்.

அந்தரங்கக் காட்சிகளுக்கும் இதே அளவுகோல் பொருந்தும். அக்காட்சிக்கு முன்பும் பின்பும் அந்த இருவரும் ஒருவரோடொருவர் பேசும் முறையில் ஏதேனும் மாறியிருக்கிறதா என்பதே நான் முதலில் பார்ப்பது. மாறவில்லையென்றால் அது கதைக்குள் செருகிய படம் மட்டுமே. டைப்-மூன் என்ற சிறு குழு 2000ஆம் ஆண்டு இறுதியில் விற்பனைக்குக் கொண்டுவந்த ‘த்சுகிஹிமே’ வயது வந்தோருக்கான ஆக்கம்; 2021இல் அதை அவர்கள் புதுப்பித்து வெளியிட்டபோது அக்காட்சிகள் நீக்கப்பட்டிருந்தன, கதை நின்றது. இதை வைத்து அத்தகைய காட்சிகளே வேண்டாதவை என்று முடிவுகட்ட நான் ஒப்பமாட்டேன். கிறிஸ்டின் லவ்வின் ஆக்கத்திலிருந்து அவற்றை எடுத்துவிட்டால் கதையின் உயிர்நிலையே போய்விடும். இரண்டு ஆக்கங்களிலும் எழுத்து வேறு வேறு இடங்களில் தன் பாரத்தைத் தாங்குகிறது, அவ்வளவே.

எழுதும்போது ‘காட்சிப் புதினம்’ என்று ஒற்று மிகுத்து எழுத வேண்டும். அடல்ட் என்பதற்குத் திரைப்பட விளம்பரங்கள் வழியாக எல்லோருக்கும் பழகிய ‘வயது வந்தோருக்கான’ என்ற அடை தெளிவானது. ‘ஆபாச விளையாட்டு’ என்று எழுதுவது விளக்கம் ஆகாது, தீர்ப்பு ஆகிவிடும். ரூட் என்பதைத் தடம் என்றும், தெரிவில்லாத ஆக்கத்தை ஒருதடக் காட்சிப் புதினம் என்றும் சொல்லலாம். ரென்பை, ஸ்டீம் போன்றவை இயற்பெயர்கள். அவற்றை அப்படியே ஒலிபெயர்த்து எழுதுவதே முறை.