பாலைவன ரயிலைக் காக்கும் வைக்கோல் கட்டம்

ஆடிக் காற்று வீசிய ஒரு மாலையில், சேலம் மேக்னசைட் ஜங்ஷன் நடைமேடையில் அக்கா மகனுடன் நின்றிருந்தேன். சுண்ணாம்புக்கரடு பக்கமிருந்து வெண்புழுதி எழும்பி, சேர்வராயன் மலையே மங்கலாகத் தெரிந்தது. "மாமா, இந்தப் புழுதி தண்டவாளத்தை மூடிவிடாதா?" என்று கேட்டான்.

புழுதி மூடாது, மணல்தான் மூடும். இரண்டுக்கும் நடை வேறு. புழுதி மிக நுண்ணியது. காற்றில் கலந்து வெகுதூரம் போய்விடும். மணல் கனமானது. காற்று அதைச் சற்றே எழுப்பும், உடனே அது விழும். விழுந்த வேகத்தில் வேறு சில மணிகளைத் தட்டி எழுப்பிவிடும். இப்படித் தத்தித் தத்தித்தான் பாலைவனத்து மணலில் பெரும்பகுதி நகர்கிறது.

இதை வீட்டு மொட்டைமாடியிலேயே பார்த்தோம். சலித்த காய்ந்த மணலைப் பரப்பி, மேசை விசிறியை ஓடவிட்டோம். எதிரே ஒரு அடிக்கோலில் ஒட்டுநாடாவைப் பசை வெளியே தெரியும்படி சுற்றி நிறுத்தினோம். அடியில் இரண்டு விரற்கடைக்கு மணல் அப்பிக்கொண்டது. அதற்கு மேலே ஒன்றிரண்டு மணிகளே ஒட்டியிருந்தன. பாலைவனத்திலும் மணலில் பெரும்பங்கு முழங்காலுக்குக் கீழேதான் பாய்கிறது. தண்டவாளமும் அந்த உயரத்தில்தானே இருக்கிறது! ஜல்லிக்குள் மணல் புகுந்தால் அது இறுகிப்போய், ரயிலின் அதிர்வைத் தாங்கும் தன்மையை இழக்கும். ரயிலைத் தடம் மாற்றிவிடும் பாயிண்டுகள் சிக்கிக்கொள்ளும். சக்கரமும் தண்டவாளமும் தேயும். மணல் மேடிட்டால் ரயில் தடம்புரளவும் கூடும்.

உயரமாகச் சுவர் எழுப்பிவிடலாமே என்று தோன்றும். முழுச்சுவரில் மோதும் காற்று மேலே ஏறி, மறுபக்கம் சுழலாக இறங்கி மணலைக் கிளறிவிடும். பாதிக்குப் பாதி இடைவெளி விட்ட வேலியே மேல். காற்றை வடிகட்டி, வேகத்தைக் குறைத்து அனுப்பும். வேகம்தான் இங்கே எல்லாம். மணலைச் சுமக்கும் திறன் காற்று வேகத்தின் மும்மடியை, அதாவது வேகத்தை மூன்று முறை பெருக்கி வரும் எண்ணைப் பொறுத்தது என்று, பாலைவன மணலை ஆராய்ந்த ரால்ஃப் பாக்னால்ட் 1941-இல் விளக்கினார். வேகம் பாதியானால், நகரும் மணல் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்காகிவிடும்.

இதை மிக எளிதாகச் சாதித்த இடம் சீனாவின் ஷாபோதௌ. 1958-இல் முடிந்த பாவ்தோ–லான்சோ ரயில் பாதை அங்கே டெங்கர் பாலைவன மணல்மேடுகளின் ஊடே செல்கிறது. வைக்கோலை மணல்மேல் பரப்பி, நடுவில் மண்வெட்டியால் அழுத்துவார்கள். இரு முனைகளும் ஒரு சாண் உயரத்துக்கு நிமிர்ந்து நிற்கும். இப்படியே மீட்டருக்கு மீட்டர் சதுரமாகக் கட்டம் போட்டுக்கொண்டு போவார்கள். தரையையொட்டி வீசும் காற்று அந்த வரிசைகளில் தடுக்கித் தடுக்கித் தளர்ந்துவிடும். வைக்கோல் சில ஆண்டுகளில் மக்கிவிடும். அதற்குள் கட்டங்களில் நட்ட புதர்கள் வேர்பிடித்துவிடும். பின்னர் நுண்ணுயிர்களும் பாசியும் மணலின் மேல் மெல்லிய ஓடாகப் படர்கின்றன. ஒரு சாண் வைக்கோல் ஒரு பாலைவனத்தையே நிறுத்தி வைப்பதை நினைத்தால் எனக்கு இன்றும் மெய்சிலிர்க்கிறது. நம் ராஜஸ்தானிலும் ஜோத்பூர் வறண்ட நில ஆராய்ச்சி நிறுவனம் உள்ளூர்ப் புதர்க்கிளைகளை நட்டு, இதே முறையில் மணல்மேடுகளை நிலைநிறுத்தியிருக்கிறது.

மொட்டைமாடியில் நாங்கள் விளக்குமாற்று ஈர்க்குகளை ஒடித்துக் கட்டம் கட்டினோம். மணல் அசையாமல் கிடந்தது. அக்கா மகன் ஓரத்தில் ஒரு வரிசையைப் பிடுங்கிப் பார்த்தான். விசிறி ஓடிய சில நொடிகளில், அந்த இடைவெளி வழியாக மட்டும் மணல் கோடாக ஊர்ந்து வெளியேறியது.