இடைநீக்கம் அன்று, வில்தாங்கல்

பழைய ஆம்னி வேன்களின் பழுதுகளைக் கண்டறிவது பற்றித் தமிழில் மொழிபெயர்த்த கையேடு ஒன்றில், "மேடுபள்ளத்தில் வண்டி குலுங்கினால் இடைநீக்கத்தைச் சோதிக்கவும்" என்று அச்சிட்டிருக்கிறார்கள். வண்டியின் பாரத்தைத் தாங்கிக் குலுக்கலைக் குறைக்கும் சஸ்பென்ஷன் என்பதற்கு இச்சொல்லை நான் பார்ப்பது இது முதல்முறை அன்று. இடைநீக்கம் என்பது ஓர் அலுவலரை விசாரணை முடியும்வரை பணியிலிருந்து விலக்கி வைப்பது. வண்டியின் எந்த உறுப்பும் அதனால் நீக்கப்படுவதில்லை.

மூலச்சொல் இலத்தீன், தொங்கவிடுதல் என்று பொருள். பழைய குதிரைவண்டிகளின் பெட்டியைத் தோல்வார்களில் தொங்கவிட்டதால் வண்டிக்கும், முடிவு தெரியாமல் நிறுத்திவைப்பதால் வேலைக்கும் அது பொதுவாயிற்று.

அப்படியானால் 'தொங்கல் அமைப்பு' என்றே சொல்லலாமே என்பாரும் உண்டு. மூலத்துக்கு நெருக்கமாக இருக்கிறது என்பதைத் தவிர அதற்கு வேறு நியாயம் இல்லை. 1804இல் இங்கிலாந்தின் வண்டி செய்பவர் ஒபதையா எலியட் நீள்வட்ட வில்லுக்குக் காப்புரிமை பெற்ற பிறகு, வாரில் தொங்கிய பெட்டி வில்லின்மேல் ஏறத் தொடங்கியது. ஆம்னியிலும் முன்பக்கம் சுருள்வில்லும் பின்பக்கம் எஃகுப் பட்டைகளாலான வில்லும்தாம் பாரத்தைத் தாங்குகின்றன. அதைவிட முக்கியமாக, கடலூர் முதுநகர்ப் பட்டறையில் "வண்டி பின்னாடி தொங்குது" என்றால், உப்புக்காற்றில் துருவேறிய பட்டை ஒன்று முறிந்துவிட்டது, அல்லது வளைவு இழந்து தளர்ந்துவிட்டது என்று பொருள். பழுதின் பெயரையே நல்ல நிலையில் உள்ள உறுப்புக்கும் வைத்தால், "தொங்கல் தொங்குகிறது" என்றுதான் மெக்கானிக் சொல்ல வேண்டியிருக்கும்.

ஆகவே வில்தாங்கல் என்பேன். நீரைத் தாங்கி நிற்கும் ஏரியைத் தாங்கல் என்று வழங்கும் வடதமிழ்நாட்டுக்காரர்களுக்கு இச்சொல் விளக்கமின்றியே புரியும். "வில்தாங்கலைச் சோதிக்க, வண்டியின் ஒரு மூலையைக் கையால் அழுத்திவிட்டுக் கையை எடுங்கள், ஓரிரு முறைக்கு மேல் துள்ளினால், ஷாக் அப்சார்பரில் எண்ணெய் கசிந்திருக்கிறதா என்று பாருங்கள்" என்று எழுதினால் வண்டிக்காரர் எவரும் தடுமாற மாட்டார்.

மொழிபெயர்ப்பாளர்கள் அகராதியைப் புரட்டும் நேரத்தில் பாதியையேனும் பட்டறையில் கழிக்க வேண்டும். அதே கையேடு, ஆங்கிலத்தில் 'ப்ளே' எனப்படும் ஸ்டீரிங்கின் தளர்வை 'விளையாட்டு' என்கிறது. திருப்பாதிரிப்புலியூரில் எந்தப் பட்டறைப் பையனைக் கேட்டாலும், "ஸ்டீரிங்கில் ஆட்டம் இருக்கு" என்று சரியான தமிழைச் சொல்லியிருப்பான்.