ரூட்டருக்குக் கொம்பு முளைத்தால் நெட் வேகமாகாது

எவர்சில்வர் டப்பாவுக்குள் மோடத்தை வைத்து மூடிவிட்டு, "சிக்னலே வரலைண்ணே" என்று வருகிறவர்களுக்கு இனிமேல் தனித்தனியாகப் பதில் சொல்ல எனக்குத் தெம்பில்லை. ஒரேயடியாக எழுதிவிடுகிறேன்.

மன்னார்குடியில் ரூட்டர், கேமரா, யூபிஎஸ் பழுது பார்க்கிற கடை என்னுடையது. வீடியோ பார்த்துக் கையடக்க ரூட்டர் செய்வது இங்கே ஒரு காய்ச்சலாகவே பரவியிருக்கிறது. இறால் குட்டைக் கேமராவுக்கு, நெல் கொள்முதல் நிலையத்துக்கு, திருவிழாக் கடைக்கு என்று ஆளுக்கொரு தேவை. தேவையில் தப்பில்லை. போன வாரம் வேதாரண்யம் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கொண்டுவந்ததைப் பாருங்கள். சாப்பாட்டு டப்பா. உள்ளே ராஸ்பெரி பை என்கிற கையளவுக் கம்ப்யூட்டர், சிம் போடுகிற 4ஜி டாங்கிள், பழைய லேப்டாப் பேட்டரியிலிருந்து உருவிய நான்கு 18650 செல்கள், எல்லாவற்றையும் சுற்றிப் பிரவுன் டேப். டேப்பைப் பிரித்ததும் நெயில் பாலிஷ் வாடை வந்தது. ஒரு செல் கசிந்திருக்கிறது, அந்த வாடை. தம்பி அதைக் கண்டுகொள்ளவே இல்லை. டப்பாவின் மேல் நிற்கிற மூன்று வைஃபை ஆண்டெனாவைக் காட்டி, "இதைவிடப் பெருசா போட்டா ஸ்பீடு வருமாண்ணே?" என்றார்.

வராது. ஒருக்காலும் வராது.

ரூட்டரில் நிற்கிற அந்தக் கொம்புகளுக்கும் செல்போன் டவருக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது. அவை பேசுவது உங்கள் போனோடும் லேப்டாப்போடும் மட்டும். டவரோடு பேசுகிற வேலை முழுக்க அந்த டாங்கிளுடையது, அதாவது குட்டி மோடத்துடையது. டவரிலிருந்து மோடம் 3 எம்பிபிஎஸ்தான் வாங்குகிறது என்றால், நாலு கொம்பு வைத்த ஐயாயிரம் ரூபாய் ரூட்டரும் அந்த மூன்றைத்தான் பங்கு போடும். ஆற்றில் தண்ணீர் வராதபோது வயல் மடையை அகலமாக வெட்டி என்ன பிரயோசனம்? இதைச் சொன்னால், "இல்லண்ணே, போன்ல வைஃபை ஃபுல்லா காட்டுதே" என்பார்கள். அது உங்களுக்கும் ரூட்டருக்கும் நடுவே உள்ள சிக்னல் ஐயா! ரூட்டரைத் தலைமாட்டிலேயே வைத்துக்கொண்டு படுத்தால் ஃபுல்லாகத்தான் காட்டும்.

சரி, மோடத்திலேயே சிக்னல் கோடுகள் முழுசாக இருக்கின்றன, ஆனாலும் நெட் நகரவில்லை என்றால்? கோடு என்பது சத்தம் எவ்வளவு பலமாகக் கேட்கிறது என்பதற்கு மட்டும்தான். வேளாங்கண்ணித் திருவிழா நடக்கிற ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை அங்கே போய் நின்று பாருங்கள். கோடு முழுசாக இருக்கும், ஜிபே சுற்றிக்கொண்டே இருக்கும். டவரில் கூட்டம். அதற்கு எந்த ஆண்டெனாவும் மருந்தில்லை. பல டாங்கிள்களில், பிரவுசரில் 192.168.8.1 என்று அடித்தால் ஒரு பக்கம் திறக்கும். அதில் ஆர்எஸ்ஆர்பி, அதாவது டவர் சிக்னலின் பலம், மைனஸ் 80-ஐ ஒட்டி இருந்தால் நல்லது, மைனஸ் 110-க்குப் போய்விட்டால் சிரமம். எஸ்ஐஎன்ஆர், அதாவது இரைச்சலுக்கு நடுவே சிக்னல் எவ்வளவு தெளிவு என்பது, 20 என்றால் அருமை, பூஜ்யத்தை ஒட்டி இருந்தால் இடத்தை மாற்றுங்கள். நம் பக்கம் மலை கிடையாது, மறைப்பது தென்னந்தோப்பும் தளம் போட்ட வீடும்தான். அதனால் உயரம்தான் கைகொடுக்கும். மழை படாத பிளாஸ்டிக் பெட்டியில் ரூட்டரையும் மோடத்தையும் சேர்த்தே மேலே ஏற்றிவிட்டு வைஃபையைக் கீழே வரவிடுங்கள். மோடத்தைக் கீழேயே வைத்துவிட்டு, அதற்கான டவர் ஆண்டெனாவை மட்டும் மேலே ஏற்றி மெல்லிய கேபிளைப் பத்து மீட்டருக்கு இழுத்தால் ஆண்டெனா சேர்த்துக் கொடுத்ததைக் கேபிளே தின்றுவிடும்.

ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கிறதே என்று வெளிநாட்டு மோடம் வாங்குவதும் இப்போது அதிகம். இங்கே ஜியோவின் 4ஜி ஓடுவது 850, 1800, 2300 மெகாஹெர்ட்ஸில். குவெக்டெல் கம்பெனி மோடத்தில் ஈசி25-ஏ என்ற அமெரிக்க மாடலில் அந்த மூன்றுமே இல்லை. ஈசி25-இ வாங்கினால் மூன்றும் உண்டு. கடைசி எழுத்தைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

அடுத்த புலம்பல்: "வீட்டுல நல்லா ஓடுச்சு, குட்டைக்குக் கொண்டுபோனா தானா ஆஃப் ஆகி ஆன் ஆகுது." டவர் தூரமாகப் போகப்போக மோடம் உரக்கக் கத்த வேண்டும், கத்தக் கத்தக் கரண்ட் அதிகம் கேட்கும். யூஎஸ்பி 2.0 போர்ட் தருவதாக ஒப்புக்கொண்டது 500 மில்லிஆம்ப். பல மோடங்கள் ஒரு நொடியின் துணுக்கு நேரத்துக்கு அதைத் தாண்டி இழுக்கும். வோல்டேஜ் விழும், எல்லாம் ரீபூட். சாஃப்ட்வேரை மூன்று தடவை மாற்றிப் போட்டுவிட்டு வருகிறார்கள். தனி பவர் உள்ள யூஎஸ்பி ஹப் ஒன்றைப் போட்டால் தீர்ந்தது.

பவர் பேங்கில் 10,000 எம்ஏஎச் என்று போட்டிருப்பது உள்ளே இருக்கிற 3.7 வோல்ட் செல்லின் கணக்கு. அதாவது 37 வாட்-ஹவர். 5 வாட் இழுக்கிற ரூட்டர், சேதாரம் போக, ஆறு மணி நேரம் ஓடினால் சந்தோஷப்படுங்கள். ராத்திரி முழுக்க ஓடாது. கரண்ட் போய் வரும்போது ஒரு நொடி அவுட்புட்டை வெட்டிவிட்டுத் தருகிற பவர் பேங்க்குகளும் உண்டு, கேமராவுக்கு அவை ஆகாது. 12 வோல்ட் ரூட்டரைப் பைக் பேட்டரியில் நேராகக் கொடுக்காதீர்கள், சார்ஜ் ஏறும்போது அது 14-ஐத் தாண்டும். நடுவில் 12 வோல்ட்டிலேயே நிறுத்தித் தருகிற கன்வெர்ட்டர் போடுங்கள்.

பழைய லேப்டாப் செல் மட்டும் வேண்டாம், கெஞ்சிக் கேட்கிறேன். வயது வேறு, கொள்ளளவு வேறு என்று இருக்கிற செல்களை இணையாகச் சேர்த்து, பாதுகாப்பு போர்டு இல்லாமல், சித்திரை வெயிலில் தகரக் கொட்டகையில் சார்ஜ் போடுகிறீர்கள். தீப்பிடித்தால் குட்டையில் தண்ணீர் இருக்கிறது என்ற தைரியமா? பிஐஎஸ் தர முத்திரையும், ஆர் என்று தொடங்குகிற பதிவு எண்ணும் உள்ள பவர் பேங்க் ஒன்று வாங்கினால் போதும்.

செல்போன் சிக்னலைப் பெருக்கிக் கொடுக்கிற பூஸ்டர் கேட்டு என் கடைக்கு வராதீர்கள். லைசென்ஸ் உள்ள தொலைபேசி நிறுவனங்களைத் தவிர யாரும் அதை வைத்திருப்பதோ விற்பதோ சட்டவிரோதம் என்று தொலைத்தொடர்புத் துறை 2022-லேயே சொல்லிவிட்டது. உங்கள் வீட்டில் கோடு ஏறும், தெருவே திணறும். போன் பிளான் சிம்மை மோடத்தில் ஓட்ட ஐஎம்இஐ என்கிற கருவியின் அடையாள எண்ணை மாற்றச் சொல்கிற வீடியோக்களும் சுற்றுகின்றன. 2023 தொலைத்தொடர்புச் சட்டப்படி அதற்கு மூன்றாண்டு வரை சிறை, 50 லட்சம் வரை அபராதம். வீடியோ போட்டவர் வந்து கட்டமாட்டார்.

கேமராவை வெளியூரிலிருந்து பார்க்கப் ரூட்டரில் போர்ட் ஃபார்வேர்டு செய்து, அதாவது வெளியிலிருந்து நேராக உள்ளே வர வழி திறந்து, மண்டையை உடைத்துக்கொள்ளாதீர்கள். மொபைல் சிம்மில் பெரும்பாலும் சொந்தப் பொது ஐபி, அதாவது வெளியிலிருந்து உங்களைத் தேடி வரக்கூடிய நெட் முகவரி, கிடைக்காது. கேமராவின் ஆப் வழியாகவோ விபிஎன் என்கிற தனிப்பாதை வழியாகவோ போங்கள். அட்மின் பாஸ்வேர்டை மாற்றுங்கள், அதையும் நான் சொல்ல வேண்டுமா?

புயலுக்கு உதவும் என்று செய்கிறவர்களுக்கு ஒன்று. 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் அடித்தபோது விழுந்தது கரண்ட் கம்பம் மட்டுமல்ல, டவர்களும் சேர்ந்து அடங்கிப்போயின. டவர் செத்தால் உங்கள் ரூட்டர் வெறும் டப்பா. இரண்டு கம்பெனி சிம் வைத்துக்கொள்ளுங்கள், இரண்டும் ஒரே கோபுரத்தில் தொங்கவில்லையா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், செய்த பெட்டியைக் கடைக்குக் கொண்டுவருகிறவர்கள் பேட்டரியைக் கழற்றிவிட்டு வாருங்கள். அந்த டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வர வேண்டாம்.