கேரளத்தில் மழை, கிரீட்டில் வெயில்

ஜூலை மாதத்தில் கிரீஸ் நாட்டைச் சேர்ந்த கிரீட் தீவின் கரையோர ஊர்களில் மழை என்பது ஏறக்குறைய இல்லவே இல்லை. சுற்றிலும் கடல்தான். ஆகஸ்டில் அந்தக் கடல்நீர் 25 டிகிரியைத் தொட்டுவிடும், ஆவியாவதற்கும் குறைவில்லை. அப்புறம் ஏன் ஒரு தூறல்கூட விழுவதில்லை?

காற்று மேலே ஏறினால் குளிர்ந்து மேகமாகும். கீழே இறங்கினால் அழுத்தப்பட்டுச் சூடாகி, இருக்கிற மேகமும் கரைந்துபோகும். கோடை முழுக்க கிழக்கு மத்தியதரைக் கடலின்மேல் காற்று இறங்கிக்கொண்டே இருக்கிறது. நிலநடுக்கோட்டில் எழுந்த காற்று வடக்கே வந்து இறங்குகிறது என்று பள்ளியில் படித்திருப்போம். ஆனால் நம் வட கோளத்தில் அந்தச் சுழற்சி குளிர்காலத்தில்தான் வலுவானது, கோடையில் தளர்ந்துவிடும். கணக்கு இடிக்கிறது அல்லவா?

1996-ல் மார்க் ராட்வெல், பிரையன் ஹாஸ்கின்ஸ் என்ற இரு வானிலை அறிஞர்கள் இதற்கு ஒரு விடை சொன்னார்கள். அதைப் படித்தபோது எனக்குச் சிலிர்த்தது. இந்தியாவிலும் வங்கக் கடலிலும் தென்மேற்குப் பருவமழை கொட்டும்போது, நீராவி நீராக மாறி ஏராளமான வெப்பத்தை வளிமண்டலத்தில் விடுகிறது. அந்த வெப்பம் கிளப்பிவிடும் ஒரு பெரிய அலை வளிமண்டலத்தில் மேற்கே பரவுகிறது. மத்தியதரைக் கடலருகே அது மேற்கிலிருந்து வீசும் காற்றோட்டத்தின் தென்விளிம்பைச் சந்திக்கிறது. அங்கே காற்று கீழே சரிகிறது. கேரளத்தில் ஓடு அதிரப் பெய்யும் மழைக்கும் கிரீட்டின் துடைத்துவிட்டது போன்ற நீல வானத்துக்கும் உறவு இருக்கிறது.

அதே பருவமழையின் காற்றழுத்தத் தாழ்வு, மேற்கே துருக்கி வரை நீள்கிறது. பால்கன் பக்கம் அழுத்தம் அதிகம். இரண்டுக்கும் நடுவே, கிரீஸுக்கும் துருக்கிக்கும் இடையிலுள்ள ஏஜியன் கடலில் வடக்கிலிருந்து காற்று பாய்கிறது. அதுதான் மெல்தேமி. பழைய கிரேக்கர்கள் இதை ‘ஆண்டுதோறும் வருவது’ என்ற பொருளில் எட்டீசியன் என்றார்கள். நம் ‘மான்சூன்’ என்ற சொல்லோ ‘பருவம்’ என்று பொருள்படும் அரபுச் சொல்லிலிருந்து வந்தது. இரண்டு காற்றுக்கும் நாள்காட்டியை வைத்தே பெயர். கிரீட்டின் லசித்தி மேட்டுநிலத்தில் வெள்ளைத் துணிப் பாய் கட்டிய ஆயிரக்கணக்கான காற்றாலைகள் ஒரு காலத்தில் காற்றைக் கொண்டே கிணற்று நீரை இறைத்தன.

மழைக்காலம் அக்டோபர் வாக்கில் தொடங்கும். மேற்கிலிருந்து வரும் தாழ்வு மண்டலங்கள் முதலில் மோதுவது தீவின் மேற்கே ‘வெள்ளை மலைகள்’ என்ற மலைத்தொடரில். மேற்கு மலைப் பகுதிகளில் ஆண்டுக்கு 2,000 மி.மீ. அளவுக்குக்கூடப் பெய்யும், தென்கிழக்கே இயராபெட்ரா பக்கம் அதில் கால்வாசிக்கும் குறைவு. ஒரே தீவுதான், நீளம் சுமார் 260 கி.மீ.

இந்த மலைகள் செய்யும் இன்னொரு வேலையைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். தென்கரையில் 20 டிகிரியில் ஈரக்காற்று கிளம்புகிறது என்று வையுங்கள். முதல் 1,000 மீட்டர் ஏறும்போது 10 டிகிரி குறையும். அதற்குமேல் மேகம் கட்டிவிடும். நீராவி நீராகும்போது வெப்பம் வெளிவருவதால் அடுத்த 1,000 மீட்டருக்குச் சுமார் 6 டிகிரிதான் குறையும். ஆக, உச்சியில் 4 டிகிரி. மழையைக் கொட்டிவிட்டு வறண்ட காற்றாக வடக்கே இறங்கும்போது 1,000 மீட்டருக்கு 10 டிகிரி வீதம் ஏறும். வடகரையை அடையும்போது 24 டிகிரி! மலையைத் தாண்டியதில் 4 டிகிரி கூடிவிட்டது. தென்காற்று வீசும் நாளில் வடகரையிலுள்ள ஹெராக்லியன் நகரம் திடீரென்று சூடாவது இதனால்தான். வசந்தத்தில் அதே காற்று சஹாராவின் புழுதியையும் கொண்டுவரும். 2018 மார்ச் 22 அன்று தீவே ஆரஞ்சு நிறத்தில் மூழ்கியது.

சரி, ஐந்து மாத வறட்சியை எப்படித் தாங்குகிறார்கள்? 2,400 மீட்டரைத் தாண்டும் சிகரங்களில் வசந்தம் வரை பனி கிடக்கும். மலைகள் பெரும்பாலும் சுண்ணாம்புக்கல். உருகும் பனியும் மழையும் வெடிப்புகளுக்குள் இறங்கி, பாறைக்குள்ளேயே ஓடி, அடிவாரத்தில் ஊற்றாகப் பொங்குகின்றன, கோடையிலும் சுரக்கின்றன. ஹெராக்லியன் அருகே அல்மிரோஸ் என்ற பெரிய ஊற்று இருக்கிறது. ஆனால் வெளியே வருவதற்குள் நிலத்தடியிலேயே கடல்நீர் அதில் கலந்துவிடுகிறது. ஆண்டின் பெரும்பகுதி, அவ்வளவு தண்ணீரும் உப்புக் கரிக்கிறது.