புண் ஆறவில்லையா? எலும்பைப் பார்க்கச் சொல்லுங்கள்

சர்க்கரை நோயாளியின் காலில் வந்த புண், ஒழுங்காகக் கட்டுப் போட்டும் வாரக்கணக்கில் ஆறவில்லை என்றால், களிம்பை மாற்றிக்கொண்டே இருப்பதில் பயனில்லை. அடியில் இருக்கும் எலும்பைப் பார்க்க வேண்டும். பெங்களூரில் என்னிடம் வரும் தமிழ்க் குடும்பங்களுக்கு நான் அடிக்கடி சொல்வது இதுதான்.

ஸ்ரீராம்புரத்தில் இட்லிக் கடை நடத்தும் ஒரு அம்மா வந்திருந்தார். இடது காலின் இரண்டாவது விரல் நுனியில் மிளகளவு புண். ஆனால் விரல் முழுவதும் சிவந்து தடித்திருந்தது. மெடிக்கலில் கேட்டு வாங்கிய ஆன்டிபயாடிக்கைச் சில நாள் சாப்பிடுவார், சீழ் நிற்கும். நிறுத்தினால் மறுபடி கசியும். "வலிச்சிருந்தா அன்னைக்கே வந்திருப்பேனே டாக்டர்" என்றார். முனை மழுங்கிய மெல்லிய உலோகக் குச்சியைப் புண்ணுக்குள் மெதுவாக விட்டுப் பார்த்தேன். கெட்டியாக, சொரசொரவென்று இடித்தது. அது எலும்பு. அவரோ மறுநாளைக்கு எவ்வளவு அரிசி ஊறவைக்க வேண்டும் என்று மகனிடம் சொல்லிக்கொண்டிருந்தார். கால் அவ்வளவு மரத்துப்போயிருந்தது.

குச்சி எலும்பில் இடித்து, ரத்தத்தில் ஈஎஸ்ஆர் (உடம்பில் அழற்சி இருப்பதைக் காட்டும் அளவு) 70-ஐத் தாண்டியிருந்தால் எலும்புத் தொற்று இருக்க வாய்ப்பு அதிகம். "எக்ஸ்ரே நார்மல்னு சொல்லிட்டாங்களே" என்று பலர் நிம்மதியாகிவிடுகிறார்கள். முதல் 2, 3 வாரம் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாமல் போகலாம். திரும்ப எடுக்க வேண்டும், சந்தேகம் தீரவில்லை என்றால் எம்ஆர்ஐ.

அப்புறம், எந்தக் கிருமி என்று கண்டுபிடிப்பது. புண்ணின் மேல் பஞ்சால் துடைத்து எடுத்தால் தோலில் உட்கார்ந்திருக்கும் கிருமியெல்லாம் வளரும். எலும்பிலிருந்து ஒரு துணுக்கு எடுத்து அனுப்பினால்தான் உண்மையான ஆள் அகப்படுவான். இடையில் கண்ட மாத்திரையைப் போட்டிருந்தால் அதிலும் ஒன்றும் வளராமல் போகலாம். மெடிக்கலில் கேட்டு வாங்கும் ஆன்டிபயாடிக்கை நான் இவ்வளவு எதிர்ப்பது இதனால்தான்.

"விரலை எடுத்துடுவீங்களா?" எல்லோரும் கேட்கும் கேள்வி. எப்போதும் வேண்டியதில்லை. தொற்று பாதத்தின் முன்பகுதியில் இருந்து, ரத்த ஓட்டம் நன்றாக இருந்து, செத்த சதையோ உள்ளே சீழ்க்கட்டியோ இல்லை என்றால், 6 வாரம் ஆன்டிபயாடிக் கொடுத்தே பலருக்குக் குணப்படுத்த முடியும். அதற்கு ஊசிதான் வேண்டும் என்றும் இல்லை. எலும்பு, மூட்டுத் தொற்று உள்ள ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் பிரிட்டனில் நடந்து 2019-இல் வெளியான ஆய்வில், சரியாகத் தேர்ந்தெடுத்த மாத்திரை ஊசிக்குக் குறைந்ததாக இல்லை. ஆனால் காலுக்கு ரத்தம் போகவில்லை என்றால் எந்த மருந்தும் எலும்பைச் சேராது. முதலில் அடைப்பைச் சரிசெய்ய வேண்டும். பீடி, சிகரெட்டை அன்றே விட வேண்டும்.

இதையெல்லாம்விடக் கஷ்டமானது, காலைக் கீழே ஊன்றாமல் இருக்க வைப்பது. வேலூர் சிஎம்சியில் தொழுநோயாளிகளின் பாதங்களைக் கவனித்த டாக்டர் பால் பிராண்ட், வலி தெரியாமல் அதே இடத்தில் திரும்பத் திரும்ப மிதிப்பதுதான் காலைக் கெடுக்கிறது என்று காட்டினார். தொழுநோயாளிகளுக்காக அங்கே உருவான எம்சிஆர் என்ற மெத்தென்ற ரப்பர் செருப்பைத்தான் இன்றும் சர்க்கரை நோயாளிகளுக்கு எழுதித் தருகிறோம். இந்த அம்மாவுக்கு விரல் வளைந்து, நுனி தரையில் குத்திக்கொண்டிருந்தது. அடியிலுள்ள தசைநாரை வெட்டி விரலை நிமிர்த்தினோம். 6 வாரம் மாத்திரை சாப்பிட்டார், மகன் கல்லாவோடு அடுப்பையும் பார்த்துக்கொண்டார். புண் மூடிவிட்டது. ஆனாலும் மருந்து முடிந்து 6 மாதம் வரை திரும்ப வராமல் இருந்தால்தான் குணம் என்று சொல்வேன். அதுவரை வரச் சொல்லியிருக்கிறேன்.

காய்ச்சல், பாதத்தில் ஏறும் சிவப்பு, நாற்றம், விரல் கறுப்பது, இதில் எது வந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். கால் ஆணியை நீங்களே பிளேடால் செதுக்காதீர்கள், ஆணியைக் கரைக்க ஒட்டும் மருந்துப் பட்டையான கார்ன் கேப்பை ஒட்டாதீர்கள்.

செப்டம்பரில் சிவாஜிநகர் மாதா திருவிழாவுக்கு வெறுங்காலோடு நடப்பவர்களும், கார்த்திகையில் மாலை போடுபவர்களும் என்னிடம் நிறைய வருகிறார்கள். வேண்டுதலை விடச் சொல்ல மாட்டேன். கால் மரத்திருந்தால் பங்குத்தந்தையிடமோ குருசாமியிடமோ விஷயத்தைச் சொல்லி, செருப்போடு நடக்க அனுமதி கேளுங்கள். கடிதம் வேண்டும் என்றால் நான் எழுதித் தருகிறேன்.